உதடு குவியாத சொல்

இன்று காலை குரோருட் நிலையத்தில் ரயில் ஏறினேன். இந்தக் குளிர்காலத்தின் முதல் கடுங்குளிர். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முகம் கண்ணாடிக்கு மிக அருகில் இருந்ததால் என் மூச்சு பட்டு அதில் ஆவி படிந்தது. என்னையறியாமல் அதன் வடிவத்தைத்தான் முதலில் பார்த்தேன். வட்டமா, அகலமா? கண்ணாடியில் படிந்த ஆவியை அப்படிப் பார்க்கிறவர்கள் இந்த ஊரில் இரண்டே பேர் இருந்தோம். இப்போது நான் மட்டும்தான்.

உடனே உன் நினைவு வந்தது என்று எழுதினால் அது பொய். நீ போனதிலிருந்து நினைவு வராத நாள் என்று ஒன்று இல்லை. ஆனால் இன்று உன்னோடு கதைக்கவேண்டும் போல் இருந்தது. கதைக்க நீ இல்லை. அதனால் எழுதுகிறேன், அதுவும் உனக்கு வாசிக்கத் தெரியாத தமிழில். தெரிந்திருந்தால் இவ்வளவு துணிந்து எழுதுவேனோ தெரியாது.

நீ என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவள். எங்கள் வழக்கப்படி உன்னை அக்கா என்று கூப்பிட்டு, நீங்கள் என்றுதான் எழுதவேண்டும். என் மகள் உன்னை அன்ரி என்றாள். ஆனால் நாம் இருவரும் முப்பது வருடம் பேசியது நோர்வேஜிய மொழியில். அதில் பெரியவருக்கும் சிறியவருக்கும் ஒரே சொல்தான். அந்தப் பழக்கத்தில் நீ என்றே எழுதுகிறேன். நீ சொன்னவை எல்லாம் எனக்குள்ளே யாழ்ப்பாணத் தமிழாக மாறித்தான் கிடக்கின்றன. அவற்றையும் அப்படியே எழுதுகிறேன். உன் தீவுக்காரர் யாராவது கேட்டால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

நாம் சந்தித்தது நோர்வேஜிய மொழி படிப்பிக்கும் அந்த மாலை வகுப்பில். நான் அகதியாக வந்து இரண்டாவது வருடம். நீ ஸ்கொட்லாந்துக்கு மேற்கே இருக்கும் ஒரு சின்னத் தீவிலிருந்து, ஒரு நோர்வேக்காரரைக் கட்டிக்கொண்டு வந்து, பத்து வருடத்துக்கு மேல் ஒஸ்லோவில் ஆங்கிலத்திலேயே காலம் தள்ளியவள். சிறுவர் பள்ளிச் சமையலறையில் வேலை கிடைத்த பிறகுதான் உனக்கு நோர்வேஜிய மொழி தேவைப்பட்டது. "குழந்தையளுக்கு இங்கிலீஷ் தெரியாதே, அதுகளோடை கதைக்காமல் என்னெண்டு சோறு குடுக்கிறது?" என்றாய். முதல் நாள் நீ என்னிடம் சொன்னது அதுதான்.

ஆசிரியை எல்லோருக்கும் உள்ளங்கையளவு முகக்கண்ணாடி ஒன்று தந்தார். வாய்க்குள்ளே 'ஈ' சொல்லிக்கொண்டு உதட்டை மட்டும் 'ஊ'வுக்குப் போலக் குவிக்கவேண்டும். அது ஓர் எழுத்து. வாய்க்குள்ளே 'ஏ', உதட்டில் 'ஓ'. அது இன்னோர் எழுத்து. ஒரே வாயில் இரண்டு வேலை. நாங்கள் தமிழில் குரோருட் என்று எழுதுகிறோமே, உள்ளூர்க்காரர் வாயில் அது அப்படியில்லை. முதல் பாதிக்கு உதடு இறுகிக் குவியும், அடுத்த பாதிக்கு வேறு மாதிரி முன்னே தள்ளும். குடியிருக்கும் இடத்தின் பெயரைச் சொல்வதற்கே எனக்கு இரண்டு குவிப்புத் தேவைப்பட்டது.

எனக்கு அது வராமல் இல்லை. கண்ணாடியில் தனியாகப் பார்க்கும்போது வந்தது. இன்னொருவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டி வந்தால்தான் என் வலக்கை தானாக எழுந்து வாயை மூடிக்கொள்ளும். எங்கள் வீட்டில் சொண்டை நீட்டினால் அடி விழும். சொண்டு என்றால் எங்களுக்கு உதடு. அதைக் குவித்து ஒருவர் முன்னால் நீட்டினால் பழித்துக் காட்டுகிறாள் என்று அர்த்தம், இல்லையென்றால் அதைவிட மோசமான அர்த்தம். இருபத்தெட்டு வயதில் கல்யாணமான ஒருத்தி, தாடி வைத்த பரீட்சகர் முன்னால் உதட்டை எப்படி நீட்டுவது? வாய்மொழிப் பரீட்சை முழுவதும் கையால் வாயைப் பொத்திக்கொண்டே பதில் சொன்னேன். உச்சரிப்பு விளங்கவில்லை என்று எழுதித் தோற்கடித்துவிட்டார்கள். நோயாளர் பராமரிப்புப் படிப்புக்கு நான் கேட்டிருந்த இடம் அதோடு போய்விட்டது.

நீ அதே பரீட்சையில் தேறியிருந்தாய். நான் அழுததைப் பார்த்துவிட்டு உன் வீட்டுச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாய்.

"கையை எடு," என்றாய்.

"எடுத்தால் எனக்குக் கதை வராது."

"எங்கை, நான் கேக்கிறதுக்கு மறுமொழி சொல்லு. தேத்தண்ணி குடிக்கிறியோ?"

"ஓம்."

"சீனி போடவோ?"

"ஓம்."

"பாத்தியோ? ஓமுக்கு உன்ரை வாய் முட்டை மாதிரி வட்டமாய் வருகுது. அதுக்கு ஒரு நாளும் கை போகேல்லை. நாள் முழுக்க ஆக்களுக்கு முன்னாலை சொண்டைக் குவிச்சுக்கொண்டுதான் திரியிறாய், உனக்குத்தான் தெரியேல்லை."

தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒருத்தி உனக்குச் சிநேகிதியாகக் கிடைத்திருந்தால் 'ஆமா' என்று வாயைத் திறந்திருப்பாள், உன் பாடம் அன்றைக்கே நின்றுபோயிருக்கும்.

கண்ணாடி ஜன்னல் வித்தை உன்னுடையது. வெளியே உறைபனி. ஜன்னலுக்குக் கிட்ட முகத்தை வைத்து, சத்தம் போடாமல் மூச்சால் எழுத்துகளைச் சொல்லச் சொன்னாய். உதடு குவிந்தால் ஆவி காசளவு வட்டமாகப் படிந்தது. குவியாவிட்டால் அகலமாகப் பரவியது. வகுப்புக் கண்ணாடியில் என் முகம் தெரிந்ததால் வெட்கம் வந்தது, ஜன்னலில் ஆவி மட்டும்தானே தெரிகிறது, வெட்கப்பட என்ன இருக்கிறது? இரண்டு மாதம் உன் சமையலறை ஜன்னலை நாசமாக்கினோம். "இந்தக் கறையளைப் பாத்து, இந்த வீட்டிலை பல்லி கிடக்குதோ எண்டு ஆரும் கேட்டால் என்ன சொல்லுறது?" என்றேன் ஒருநாள். ஒஸ்லோவில் பல்லி கிடையாது என்பதையும் பல்லி என்றால் என்ன என்பதையும் விளங்கப்படுத்தி முடிய அரைமணி நேரம் போனது.

இரண்டாவது பரீட்சைக்குப் போகும்போது நீ சொன்னது ஒன்றுதான். "ரெண்டு கைக்கும் மேலை இரு." அப்படியே கைகளைத் தொடைக்குக் கீழே வைத்து அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தேன். கை விறைத்துப்போய்விட்டது. தேறினேன். இன்றைக்கும் நான் முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக வேலைசெய்து சாப்பிடுகிறேன் என்றால் அந்த விறைத்த கைகளால்தான்.

உன் சொல் என்னிடம் வந்ததும் அதே சமையலறையில்தான். என் கணவரோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். உப்பு இருக்கா, அரிசி இருக்கா என்று அவர் கடையிலிருந்து கேட்க, "இருக்கு, இருக்கு" என்று நான் சொல்ல, நீ கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டாய்.

"அந்தக் கடைசிச் சத்தத்தைத் திருப்பிச் சொல்லு."

"எது? இருக்கு?"

"ஓம், அந்தக் கு. அதை நீட்டு. சொண்டைக் குவிக்காமல் நீட்டு. பிறகு ஒரு ல் போடு."

சொன்னேன். கூல் என்று இங்கே எழுதினால் வாசிக்கிறவர் உதட்டைக் குவித்துவிடுவார், அப்படியில்லை. உதடு சும்மா இருக்க, நாக்கு பின்னால் போய்ச் சொல்லவேண்டும். உன் தீவின் கேலிக் மொழியில் அது அன்பைக் குறிக்கும் சொல். உங்கள் வீட்டில் பிள்ளைகளை, கணவனை, தங்கையை எல்லாம் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். ஆங்கிலக்காரருக்கு அது வராது, குவிப்பார்கள். நோர்வேக்காரர் இன்னும் அதிகமாகக் குவிப்பார்கள். குவிக்கிற ஊவும் உன் மொழியில் உண்டு, அது நாயைக் குறிக்கும் சொல்லில் வரும் என்றாய். "நாய்க்குக் குவியும், அன்புக்குக் குவியாது" என்று சொல்லி நீயே சிரித்தாய். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மேசைத்துணியைத் தடவிக்கொண்டே சொன்னாய்.

"இந்த ஊருக்கு வந்த நாளிலையிருந்து இஞ்சை ஒருத்தரும் எனக்கு இதைச் சரியாய்ச் சொன்னதில்லை."

"உன்ரை அவர் சொல்லுறேல்லையோ?"

"சொல்லுவார். ஒவ்வொரு நாளும் சொல்லுவார். சொண்டைக் குவிச்சுச் சொல்லுவார்."

"திருத்தலாமே. என்னை இந்தப் பாடு படுத்துறாய்."

"அதை ஏன் திருத்த? அது அவரின்ரை சொல்."

அப்போது அது எனக்கு விளங்கவில்லை. உன் கணவர் நல்ல மனிதர். அதிகம் பேசமாட்டார். நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் ஓம் சொல்லும் விதம்தான் எனக்கு வேடிக்கை. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே சொல்வீர்கள், யாரோ திடுக்கிட்டது போல. இந்த நாட்டிலும் அப்படி, உன் தீவிலும் அப்படியாம். இரண்டு பேரும் மேசையின் இரண்டு பக்கத்தில் இருந்து மூச்சை இழுத்துக்கொண்டிருப்பீர்கள். முதல் தடவை பார்த்தபோது இரண்டு பேருக்கும் நெஞ்சுவலியோ என்று பயந்துபோனேன்.

அவர் போனபோது குவித்த சொல்லும் போனது. அதற்கு இரண்டு வருடம் கழித்து, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தீவிலிருந்து உன்னைத் தொலைபேசியில் கூப்பிடும் தங்கையும் போனாள். அதற்குப் பிறகு உன் மொழியில் உன்னோடு பேச ஒருவரும் இல்லை. உன் காதும் மந்தமாகத் தொடங்கியது. ஆட்களின் வாயைப் பார்த்தே கேட்கப் பழகிக்கொண்டாய். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள வாங்கில் உட்கார்ந்து அன்றைக்கு நீ கேட்டதை மறக்கமாட்டேன்.

"நான் கிடக்கிற கடைசி நேரத்திலை நீ வந்து என்ரை சொல்லைச் சொல்லவேணும். ஒருக்காச் சொன்னால் காணும். சரியாய்ச் சொல்லு."

"ஓம்."

"சொண்டிலை அது தெரியாது. கிட்ட வந்து, காதுக்குள்ளை சொல்லவேணும்."

"ஓம் எண்டு சொன்னனான்தானே."

"முட்டை," என்று என் வாயைக் காட்டிச் சொன்னாய். இருவரும் சிரித்தோம். எவ்வளவு இலகுவாக வாக்குக் கொடுத்தேன்.

உனக்குப் பக்கவாதம் வந்து நீ முதியோர் இல்லத்துக்குப் போன அடுத்த வருடம்தான் அந்த நோய்க்காலம் வந்தது. இல்லங்களின் கதவுகளை எல்லாம் மூடிவிட்டார்கள். நான் வேலைசெய்த இல்லத்தில் மற்றவர்களின் பிள்ளைகளை உள்ளே விடாமல் வாசலில் மறித்தவள் நானே. உன் இல்லத்தில் என்னை மறித்தார்கள். கீழ்த்தளத்தில் உன் அறை, அது ஒரு வசதி. வெளியே பூப்பாத்திக்குள் நின்று ஜன்னலால் உன்னைப் பார்த்தேன். நீ சக்கர நாற்காலியில் கண்ணாடிக்குக் கிட்ட வந்து இருந்தாய். நம் வித்தை நினைவு வந்து, கண்ணாடியில் முகத்தை வைத்து மூச்சால் உன் சொல்லைச் சொன்னேன். ஏப்ரல் வெயில் கண்ணாடியைச் சூடாக்கி வைத்திருந்தது. ஆவி படியவில்லை. திரும்பச் சொன்னேன். நீ பொறுமையாகக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். நான் என்ன செய்ய முயல்கிறேன் என்று உனக்குத் தெரிந்துவிட்டது. விரலை ஆட்டி, பிறகு, பிறகு என்று காட்டினாய்.

பிறகு என்று ஒன்று வந்தது. மூன்று வாரம் கழித்து, ஒரு பகலில், உன் இல்லத்திலிருந்து கூப்பிட்டார்கள். இன்றோ நாளையோ என்றார்கள். நெருங்கியவர் ஒருவர் உள்ளே வரலாம், உன் படிவத்தில் என் பெயர்தான் இருக்கிறது என்றார்கள். நான் கோட்டைப் போட்டுக்கொண்டே கேட்டேன். அப்போது அந்தப் பெண் வழமையான கேள்வியைக் கேட்டாள். அந்த நோய் தொற்றிய யாரோடாவது தொடர்பில் இருந்தீர்களா?

இருந்தேன். என் வேலையிடத்தில் ஒருவருக்கு நோய் வந்து அன்றைக்கு மூன்றாவது நாள். நான் வீட்டில் தனித்திருக்க வேண்டியவள். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் பத்து நிமிடத்தில் உன் கட்டிலருகில் நின்றிருப்பேன். மகள் எதிரே நின்று என்னையே பார்த்தாள். அந்த இல்லத்தில் உன்னைத் தவிர இன்னும் முப்பது நாற்பது கிழவர் கிழவிகள் இருந்தார்கள். அவர்களுக்கும் யாரோ இருப்பார்கள். "ஓம், இருந்தனான்" என்றேன். அதற்குப் பிறகு எனக்கு நோய் இல்லை என்றே தெரியவந்தது. அதை உனக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும். உள்ளே வந்திருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. அது எனக்கு அன்றைக்குத் தெரியாது என்று ஆயிரம் தடவை எனக்கே சொல்லிவிட்டேன்.

வெளியே நடக்கத் தடை இருக்கவில்லை. பூப்பாத்திக்கு ஓடிவந்தேன். உன் கட்டிலை அறையின் மறுபக்கம் தள்ளியிருந்தார்கள். ஒரு பராமரிப்பாளர், என் வயதுதான் இருக்கும், நரைத்த தலை, நோர்வேக்காரர், உன் பக்கத்தில் இருந்தார். என்னைக் கண்டு எழும்பி வந்து ஜன்னலின் மேல்பகுதியைக் கொஞ்சம் திறந்தார். அந்த நாள்களில் எல்லோரும் முகக்கவசம் போடத் தொடங்கியிருக்கவில்லை, அவர் முகமும் வெறுமையாகத்தான் இருந்தது. நான் நான்கடி தள்ளி நின்று கேட்டேன்.

"அவவுக்கு ஒரு சொல்லு சொல்லவேணும். காதுக்குள்ளை. நீங்கள் சொல்லுவீங்களோ?"

அவர் மறுக்கவில்லை. சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். உதடு குவிந்தது. குவிக்கவேண்டாம் என்றேன், திரும்பவும் குவிந்தது. என் வாயோரங்களை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்துக் காட்டினேன். பூப்பாத்திக்குள் நின்று அன்னியன் ஒருவனுக்கு வாயைப் பிளந்து காட்டும் என்னை என் அம்மா கண்டிருந்தால்! அவரும் விரலால் தன் வாயை இழுத்துப் பார்த்தார். விரலை எடுத்ததும் குவிந்துவிட்டது. பாவம், பிறந்த நாள் முதல் பழகிய வாய் ஒரு பகலில் மாறுமா? நீ மூச்சு விடுகிற விதம் எனக்கு அங்கிருந்தே தெரிந்தது. வேலையில் நான் எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். நேரம் இல்லை.

"பரவாயில்லை, போய்ச் சொல்லுங்கோ," என்றேன்.

காதுக்குள் என்று சொல்லியும் அவர் உன் முகத்துக்கு நேரே குனிந்தார். நீ வாயைப் பார்த்துக் கேட்கிறவள் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நல்ல பராமரிப்பாளர் அப்படித்தான் செய்வார், நானும் அதைத்தான் செய்திருப்பேன். அவருடைய உதடு குவிந்து முன்னே வந்ததை நான் ஜன்னலால் பார்த்தேன். கொஞ்ச நேரம் அப்படியே குனிந்து நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"கண்ணைத் திறந்து என்ரை வாயைப் பார்த்தவ. பிறகு மூச்சை உள்ளுக்கு இழுத்து ஓம் எண்டவ," என்றார்.

அடுத்த மணித்தியாலத்தில் நீ போய்விட்டாய்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். அது நான் கொண்டுவந்த சொல் இல்லை. முப்பது வருடம் உனக்காகக் கெடாமல் வைத்திருந்த சொல்லை அந்த மனிதர் வாயில் கொடுத்து, அவர் அதைக் கெடுத்து உன்னிடம் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றும்போதுதான் உறைத்தது. நீ மூச்சை இழுத்து மறுமொழி சொன்னது யாருக்கு? உன் வாழ்க்கையில் அந்தச் சொல்லை உதட்டைக் குவித்துச் சொன்னவர் ஒருவர்தானே. அதை ஏன் திருத்த என்று நீ கேட்டாயே. உனக்கு வந்து சேரவேண்டியதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. சந்தோஷப்படவேண்டும். பட்டேன். ஆனாலும் பொறாமையாக இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது இனி?

மகளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். இங்கேயே பிறந்து வளர்ந்த வாய். நாலைந்து தடவை முயன்றுவிட்டு, "எனக்கு வருகுதில்லை அம்மா" என்றாள். அவள் சொன்ன 'எனக்கு'வைக் கவனித்தேன். அதிலேயே கடைசியில் உதடு குவிகிறது. இத்தனை வருடம் நான் அதைக் கவனிக்கவில்லை. நான் அவளைத் திருத்தவில்லை.

என் கை இப்போது வாய்க்குப் போவதில்லை. காது கேளாத கிழவர்களின் முன்னால் குனிந்து, உதட்டை நன்றாகக் குவித்து, நீட்டி, விரித்துக் கதைக்கிறேன். குரோருட் என்று உள்ளூர்க்காரரைப் போலவே சொல்கிறேன். அதெல்லாம் உன்னுடையது, அது எல்லோருக்கும் பயன்படுகிறது. உனக்கென்று வைத்திருந்த அந்த ஒன்றுதான் என்னிடமே தங்கிவிட்டது. ஒவ்வொரு நாள் காலையும் ரயில் குரோருட்டை விட்டு வெளிக்கிட்டதும் ஒரு தடவை அதைச் சொல்கிறேன், சத்தமாகத்தான். ரயிலின் இரைச்சலில் ஒருவருக்கும் கேட்பதில்லை. எதிரில் இருக்கிறவர்கள் என் முகத்தைப் பார்த்தாலும் நான் பேசுகிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது. அதற்குத்தான் உதடு அசையாதே.